டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரவும்

விசிலுக்கு நகரசபை கொடுத்திருந்த பதவியின் பெயர் உயிர்காப்பாளர். நகரசபை நீச்சல் குளத்தின் ஓரத்தில், ஏணி வைத்த உயரமான நாற்காலியில், கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது வேலை. வருடக்கணக்கில் உட்கார்ந்தும் அவர் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றியதில்லை. குற்றம் அவருடையதல்ல. குளத்தின் ஆழம் அவருக்கு மார்பளவுதான். அதில் மூழ்குவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆகவே அவர் ஓடுகிறவர்களைப் பார்த்து ஊதினார், தலைகீழாகக் குதிக்கிறவர்களைப் பார்த்து ஊதினார், சோப்பு போடுகிறவர்களைப் பார்த்து ஊதினார். ஊதி ஊதியே அம்மா அப்பா வைத்த பெயர் போய் இந்தப் பெயர் நின்றுவிட்டது. வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால், "விசிலு, சாப்பிட வரீங்களா இல்லையா?" என்றுதான் கேட்பாள்.

அந்தக் குளத்தில் மூழ்கியதெல்லாம் சாவிகள். உடை மாற்றும் அறையில் இருந்த லாக்கர்களின் சாவியை யாராவது ஒருவர் தினமும் தொலைப்பார். தொலைத்தவர் ஈரத் துண்டோடு வெடவெடவென்று நிற்க, விசில் சாவிக்காரருக்குப் போன் போடுவார். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில், அலமாரி அகலத்தில் கடை வைத்திருந்த மனிதர் அவர். சைக்கிளில் வருவார், கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்புவார், கதவு திறந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். ஏன் என்று விசில் ஒரு தடவை கேட்டார்.

"பூட்டுதான் என் வேலை, தம்பி. உள்ள இருக்கிறது அவங்க சமாச்சாரம். அதை நான் எதுக்குப் பாக்கணும்?"

பிறகு தொற்று வந்தது. ஊரை மூடினார்கள். ஊரோடு சேர்த்துக் குளத்தையும் மூடி, தண்ணீரை வடித்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாத குளத்துக்கு உயிர்காப்பாளர் எதற்கு என்ற கேள்வி நகரசபையில் எழுந்தது. தண்ணீர் இருந்தபோது மட்டும் எதற்கு என்று யாரும் கேட்காதது விசிலின் நல்ல நேரம்.

அந்தச் சமயத்தில்தான் நகரசபைக்கு மக்கள்மேல் பாசம் பொங்கியது. தனியாக இருப்பவர்கள், வேலை போனவர்கள், வெளியே வர முடியாதவர்கள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வீட்டுக்கே வரும் என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம்தான். நகரசபையின் கைக்கு வரும்வரை எல்லாத் திட்டமும் நல்ல திட்டம்தான். அதை நடத்தும் பொறுப்பு, அதுவரை தெருநாய் பிடிக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அம்மாவிடம் போனது. வண்டியோடு தெருத்தெருவாகப் போன அனுபவம் அலுவலகத்தில் அவருக்கு ஒருவருக்குத்தான் இருந்ததாம்.

முந்தின வருடம் நகரசபை சுற்றுச்சூழல் விருது ஒன்றை வாங்கித் தொலைத்திருந்தது. அதனால் பிளாஸ்டிக் கூடாது. எவர்சில்வர் டப்பா வாங்கி, மூடியில் வீட்டு எண்ணை எழுதினார்கள். மதியம் கொடுப்பது, சாயங்காலம் திருப்பி வாங்குவது, குளத்தின் ஷவர் அறையில் கழுவுவது என்று ஏற்பாடு. கொடுப்பதும் வாங்குவதும் விசிலின் தலையில் விழுந்தது. வேன் ஓட்டுகிற டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்க மாட்டார், அது அவருடைய யூனியன் கொள்கை. சாயங்காலம் விசில் படியேறிப் போய் நின்று ஊதுவார். கதவு திறக்கும், டப்பா வாசலுக்கு வரும், கதவு மூடும். பிறகு இவர் போய் எடுப்பார்.

முதல் நாள் சாயங்காலம் எடுத்த முதல் டப்பாவிலேயே ஏதோ உருண்டது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். மறந்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தார். அடுத்ததில் இரண்டு வெங்காயம். அதற்கடுத்ததில் காகிதத்தில் மடித்த சர்க்கரை. ஒரு வீட்டில் முட்டை வைத்து, உடையாமலிருக்கப் பஞ்சு வேறு சுற்றியிருந்தார்கள். சாப்பிடக் கொடுத்தவர்களுக்குப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதா என்று ஊரே ஒரே மாதிரி யோசித்திருந்தது. யாரும் யாரோடும் பேசிவைத்துச் செய்ததல்ல. பேசிவைக்க ஊரில் யார் வெளியே வந்தார்கள்?

ஷவர் அறையில் டப்பாக்களைத் திறந்து பார்த்த மேற்பார்வையாளர் அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மாஸ்க் போட்டிருந்ததால் அது கொஞ்சம் தாமதமாகத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"இது என்ன, நன்கொடையா? தொற்று நேரத்துல வீட்டுப் பொருளை ஆபீஸுக்கு அனுப்புறாங்க, கொஞ்சமாவது பயம் இருக்கா?"

"மரியாதைக்கு வைக்கிறாங்க மேடம்," என்றார் விசில்.

"முட்டை வைக்கிற அளவுக்கு வசதி இருந்தா நம்ம சாப்பாடு எதுக்கு?"

இந்தக் கேள்வியை அவர் அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அதிகாரிகள் கேட்கிற கேள்வி சும்மா போவதில்லை, மறுநாள் உத்தரவாகித் திரும்பி வரும். டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரவும். உணவுப் பொருள் இருந்தால் அந்த வீட்டில் உபரி இருப்பதாகக் கருதி, பெயர் நீக்கப்படும். இதைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்து எல்லா மூடியிலும் ஒட்டினார்கள்.

மக்கள் படித்தார்கள். படித்துவிட்டு, இது நமக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொன்னது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். விசில் படியில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்.

"அம்மா, ஒண்ணும் வைக்காதீங்க! வெறும் டப்பா போதும்!"

"வெறும் டப்பாவையா?" என்று கதவுக்கு உள்ளிருந்து ஒரு குரல். "எங்களைப் பாத்தா அப்படிப்பட்டவங்களாவா தெரியுது?"

சட்டத்தோடு மோதலாம். இந்தக் குரலோடு மோத முடியாது. விசில் ஒரு துணிப்பையை வாங்கினார். படி வளைவில், யாரும் பார்க்காத இடத்தில், கையுறை போட்ட கையால் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவை மட்டும் உத்தரவுப்படி காலியாக வேனில் ஏற்றினார். உயிர்காப்பாளர் எலுமிச்சை கடத்த ஆரம்பித்தது இப்படித்தான். மனைவி பையைச் சமையலறையில் கொட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, உங்களைச் சாப்பாடு குடுக்க அனுப்பினாங்களா, வசூல் பண்ண அனுப்பினாங்களா?"

"ஊறுகாய் போடு," என்றார் விசில். வேறு என்ன சொல்வது?

சாவிக்காரரின் வீடும் இவர் வழியில்தான். மூன்றாவது மாடி, ஒற்றை அறை. மனைவி போனபிறகு தனி ஆள். ஊர் அடைந்து கிடக்கையில் யார் சாவி தொலைக்கப் போகிறார்கள்? தொலைத்தாலும் வீட்டுக்குள்ளேதானே தொலைக்க வேண்டும்? கடை மூடிக் கிடந்தது. அவர் டப்பாவிலும் ஆரம்பத்தில் முட்டை இருந்தது. பிறகு வெங்காயம் வந்தது. பிறகு ஒரு பொட்டலம் தேயிலை, அதன்பின் ஒரு பொட்டலம் உப்பு. விசில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வரிசையாக அடுக்கிப் பார்த்திருந்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஆனால் கடத்தல்காரர்களுக்குச் சரக்கை உட்கார்ந்து ஆராய நேரம் ஏது?

டப்பாக்கள் திடீரென்று இவ்வளவு யோக்கியமாக வருவது மேற்பார்வையாளர் அம்மாவை உறுத்தியது. நாய் பிடித்த காலத்தில் வந்த மோப்பம். ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வீடுகளை எச்சரிக்க விசிலுக்கு இருந்தது விசில் ஒன்றுதான். படிக்கட்டில் நின்று, ஆபத்துக்கு ஊதுகிற மாதிரி நீளமாக ஊதிப் பார்த்தார். இன்றைக்கு ஏதோ உற்சாகமாக இருக்கிறார் என்று நினைத்துச் சில வீடுகளில் கைதட்டினார்கள்.

ஒவ்வொரு டப்பாவையும் அந்த அம்மாவே திறந்தார். சாவிக்காரரின் டப்பாவில், வெள்ளைக் காகிதத்தில் ஒழுங்காக மடித்துப் பாதி ரொட்டி இருந்தது. மதியம் நகரசபை அனுப்பிய அதே ரொட்டி.

"நாம குடுத்ததையே திருப்பி அனுப்புறாரு. இதுக்கு என்ன அர்த்தம்?"

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு விசில் வாயைத் திறந்தார். "ரொட்டி அவருக்குப் பிடிக்காது போல, மேடம்."

"அப்ப பிடிச்சவங்களுக்குப் போகட்டும்," என்று பெயரை அடித்துவிட்டார் அந்த அம்மா. காப்பாற்றுவது விசிலுக்குப் பழக்கமில்லாத காரியம் என்று முன்பே சொன்னேன்.

அன்றைக்குப் பிடிபட்ட வீடுகள் இன்னும் சில இருந்தன. அவர்கள் ஜன்னலில் நின்று கத்தினார்கள், கவுன்சிலருக்குப் போன் போட்டார்கள், மருமகன் பத்திரிகையில் இருப்பதாகப் புளுகினார்கள். மறுநாளே திரும்பப் பட்டியலில் ஏறிவிட்டார்கள். சாவிக்காரருக்குக் கத்தத் தெரியாது. விசில் எதிர்வீட்டுக்கு டப்பா கொண்டுபோகும்போது அவர் கதவு மூடியே இருந்தது. ரொட்டி பிடிக்காத மனிதர் வேறு ஏதோ சமைத்துச் சாப்பிடுகிறார் என்று விசில் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தைக் கலைத்தது எதிர்வீட்டுத் தையல்கார அக்கா.

"அவருக்கு ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கதவிடுக்கில் கேட்டாள்.

"ரொட்டியைத் திருப்பி அனுப்பினாரே அக்கா. பிடிக்கலைன்னா என்ன பண்றது?"

"பிடிக்கலையா? நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா இதை?" அவள் குரல் ஏறியது. "அவர் வீட்டு அடுப்புல கேஸ் தீர்ந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? டப்பாவுல வைக்க வீட்ல உப்புகூட மிச்சம் இல்ல. வெறும் டப்பா எப்படிக் குடுக்கிறதுன்னு, சாப்பிட வந்ததுல பாதியைப் பிச்சு வச்சிருக்காரு மனுஷன். நான் ஏதாவது குடுத்தாலும் வாங்க மாட்டேங்கிறாரு. திருப்பிக் குடுக்க ஒண்ணுமில்லையாம்."

விசில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டை, வெங்காயம், தேயிலை, உப்பு, ரொட்டி. அந்த வரிசை இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த முட்டையை ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டவர் அவர்தான்.

அன்றைக்கே மேற்பார்வையாளர் அம்மாவின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"திரும்பச் சேர்க்கலாமே," என்றார் அந்த அம்மா தாராளமாக. "அவரே நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

"ஆபீஸ் மூடியிருக்கே மேடம்?"

"அதான் போன்ல ஆப் இருக்கே."

"அவர்கிட்ட இருக்கிறது பட்டன் போன் மேடம்."

"அப்ப நேர்லதான் வரணும்."

"ஆபீஸ்..."

"மூடியிருக்குன்னு இப்பதான நீங்களே சொன்னீங்க?"

நகரசபையோடு பேசுவது வட்டமான அறையில் மூலையைத் தேடுவது மாதிரி. விசில் பேச்சை விட்டார். மறுநாள் மதியம், ஊழியர்களுக்கு வரும் தன்னுடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினார். ஊதவில்லை. கதவைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்றார்.

சாவிக்காரர் கதவைத் திறந்தார். சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆள் அதற்குள் எங்கேயோ இருந்தார்.

"உங்க சாப்பாடு, அண்ணே. நடுவுல ஒரு சின்ன குளறுபடி. சரியாயிடுச்சு."

அவர் மூடியைப் பார்த்தார். அதில் எண் இல்லை, ஊழியர் என்று எழுதியிருந்தது. வாழ்நாளெல்லாம் பூட்டு எண்களைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியாதா?

"இது உங்களுது."

"நான் வீட்ல சாப்பிட்டாச்சு. மிச்சம் போறதுதான்." நல்ல வேளையாக வயிறு அந்த நேரம் பார்த்துக் கத்தவில்லை.

அவர் டப்பாவைக் கையில் எடுத்தார். எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு வாங்கிக்கிறேன், தம்பி. பசிக்குது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்குக் கொண்டு வராதீங்க."

"ஏன் அண்ணே?"

"டப்பாவுல வச்சுக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அதைத்தான் நகரசபையே சொல்லுது, வெறுமனே குடுங்கன்னு!"

"நகரசபை சொல்லும். நான் எப்படிக் குடுப்பேன்? வாங்கித் தின்னுட்டு வெறும் டப்பாவை நீட்டினா, நான் வாங்கித் தின்றவன்னு ஆயிடும். அதுக்குச் சும்மாவே இருந்துடறேன்."

சும்மா இருப்பதென்றால் பட்டினி கிடப்பது என்று விசிலுக்குப் புரிந்தது. இந்த மனிதர் செய்யக்கூடியவர். கெஞ்சினால் கேட்க மாட்டார், அதட்டினால் கதவை மூடிவிடுவார். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, இதை டப்பாவில் வைத்துக் கொடுங்கள் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தார். சொல்லியிருந்தால் அந்தக் கதவு அதன்பின் திறந்திருக்காது. அறைக்கு உள்ளே எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, குழாய்ல தண்ணி வருதா?"

"வருது. நகரசபை ஒழுங்கா குடுக்கிறது அது ஒண்ணுதான்."

"அதைப் பிடிச்சு ஊத்திக் குடுங்க."

சாவிக்காரர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "தண்ணியையா?"

"ஏன், தண்ணி பொருள் இல்லையா? வெறும் டப்பாவா அது? முழுசா நிறைச்சுக் குடுங்க."

"தண்ணி சேத்தியா, தம்பி?"

"அண்ணே, இத்தனை வருஷமா ஒரு தொட்டித் தண்ணியைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்தே குடும்பம் நடத்தினவன் நான். தண்ணி சேத்தி இல்லைன்னு எங்கிட்டயே சொல்றீங்களா?"

சாவிக்காரர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் கண் கலங்கியது. விசில் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அன்று சாயங்காலம் அந்த வாசலில் டப்பா விளிம்புவரை தண்ணீரோடு இருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், தூசி விழாமல், மூடியைச் சரியாக வைத்து மூடியிருந்தார். விசில் அதை மூன்று மாடியும் இரண்டு கையால் ஏந்திக்கொண்டு இறங்கினார். அந்த நாள் முதல் விசிலின் மதியச் சாப்பாடு மாடிக்குப் போனது, அவர் டிரைவரிடம் ஊறுகாயைக் கொடுத்து டிரைவர் சோற்றில் பங்குக்கு உட்கார்ந்தார்.

இதே தண்ணீர் யோசனையை மற்ற வீடுகளிலும் போகிற போக்கில் சொல்லிவைத்தார். ஜனங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. டப்பாவும் வெறுமை இல்லை, பெயரும் போகாது. ஒரு வாரத்துக்குள் தெருத்தெருவாகத் தண்ணீர் டப்பாக்கள் வர ஆரம்பித்தன. திருப்பத்துக்குத் திருப்பம் வேனில் தண்ணீர் அலையடித்தது. "உன் குளத்தை என் வண்டியில கொண்டுவந்து வச்சுட்டியே, விசிலு!" என்று டிரைவர் முதல் தடவையாக ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்துக் கும்பிட்டார்.

மேற்பார்வையாளர் அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. டப்பாவில் பருக்கை காய்ந்து ஒட்டவில்லை, கழுவுகிற வேலை பாதியாகிவிட்டது. பொதுமக்கள் தாமாக முன்வந்து பாத்திரங்களை ஊறவைத்துத் தருகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். தாமாக என்ற சொல் அடுத்த கடிதத்தில் என் வழிகாட்டுதலின்படி என்று ஆனது. மேலிடம் பாராட்டியது. பாராட்டினால் போதாதென்று, முன்மாதிரி வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கச் சொன்னது.

அந்த அம்மா ஷவர் அறைக்கு வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். ஒன்றில் நின்றார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, டப்பாவின் அடி பளபளத்தது.

"ஊழியர் டப்பாவா இது? நம்ம ஆளுங்க யாரு இவ்வளவு சுத்தமா இருக்கிறது?"

"நம்ம ஆள் இல்ல மேடம்," என்றார் விசில். மாட்டிக்கொண்டோம், சொல்லித்தான் பார்ப்போமே என்று வீட்டு எண்ணைச் சொன்னார்.

"அந்த வீட்டுப் பேரு பட்டியல்லயே இல்லையே. யாரு நீக்கினது?"

விசில் அந்த டப்பாவின் மூடியை எடுத்து மூடினார். சில கேள்விகளுக்கு அதுவே மரியாதை.

"ஏதோ கிளரிக்கல் தப்பு," என்று முடித்தார் அந்த அம்மா. "உடனே சேருங்க. முன்மாதிரி வீட்டுக்குச் சாப்பாடு போகலைன்னா அசிங்கம்."

பசி என்று சொல்லித் திறக்காத கதவு, அலுவலகத்தின் மானம் என்றதும் திறந்துகொண்டது. எப்படியோ திறந்தது, விசிலுக்கு அதுவே போதும். அன்று மதியம் சாவிக்காரரின் சொந்த எண் எழுதிய டப்பா மாடியேறியது. விசில் தன் சாப்பாட்டைப் படியிலேயே உட்கார்ந்து, மூச்சு விடாமல் காலி செய்தார்.

கௌரவிக்கக் கவுன்சிலரே வந்தார். கூட நாலு பேர், ஒரு கேமரா. எல்லோரும் இடைவெளி விட்டு நிற்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டே மூன்றாவது மாடிப் படிக்கட்டில் முண்டியடித்தார்கள். சாவிக்காரர் பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கவுன்சிலர் அவருக்கு ஒரு புத்தம்புது எவர்சில்வர் டப்பாவைப் பரிசளித்தார். மூடியில் கவுன்சிலரின் படம் ஒட்டியிருந்தது. சுத்தத்தைப் பற்றிப் பேசினார், சேவையைப் பற்றிப் பேசினார், தன்னைப் பற்றி நிறையவே பேசினார். படம் எடுத்தார்கள். நன்றாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தார்கள். வந்த வேகத்தில் இறங்கிப் போனார்கள்.

சாவிக்காரர் டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தார். மெல்ல ஆட்டினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒன்றுமில்லை. சட்டென்று மூடிவிட்டு, படியில் இறங்கிக்கொண்டிருந்த கூட்டம் தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறர் லாக்கரைத் திறந்ததும் திரும்பி நிற்பாரே, அப்படி.

"என்ன அண்ணே?" என்றார் விசில்.

சாவிக்காரர் குரலைத் தாழ்த்தினார். கீழே கேட்டுவிட்டால் அவர்கள் மனசு கஷ்டப்படும் அல்லவா?

"பாவம், தம்பி. அவங்க வீட்லயும் ஒண்ணும் இல்ல போல."